கக்குவானும் பெர்டுசிஸும்

கிருஷ்ணகிரியில் மருந்துக்கடை வைத்திருப்பவரிடம் இருமல் நான்கு பெயர்களோடு வந்து நிற்கும். நகரத்தில் உருது பேசும் குடும்பத்தினர் கான்சி என்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களில் தெலுங்கு பேசுகிறவர்கள் தக்கு என்றும், கன்னடம் பேசுகிறவர்கள் கெம்மு என்றும் சொல்வார்கள். காவேரிப்பட்டினம், ஊத்தங்கரை, பாலக்கோடு, அரூர்க்காரர்கள் கடைசியில் ஓர் உகரத்தைச் சேர்த்து இருமலு என்பார்கள். மருந்தாளுநர் படிப்பில் நான் மனப்பாடம் செய்த டுசிஸ் என்னும் லத்தீன் சொல் ஐந்தாவதாக, மருந்துப் பெட்டிகளின் மேல் வேறு சொற்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். இந்த ஐந்தையும் நாள்தோறும் கேட்டும் படித்தும் வருகிறவன் என்ற முறையில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. நோயாளியின் வாயில் பிறந்த கொச்சைச் சொல்லைத் திருத்தி எழுதுவதற்கு முன்னால், அந்தச் சொல் எதைக் கண்டு, எதைக் கேட்டு உண்டானது என்று விசாரிக்க வேண்டும். மருத்துவத்தின் லத்தீன் சொற்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் உண்டாயின என்பதால் இதை எழுதுகிறேன்.

எப்படிப்பட்ட இருமல் என்று கேட்டால் எங்கள் பக்கத்து மக்கள் பெரும்பாலும் பெயர் சொல்வதில்லை. ஒலியை எழுப்பிக் காட்டுவார்கள். லொக்கு லொக்கு என்று இருமுவதாகச் சொன்னால், அது தொண்டையிலிருந்து வரும் வறட்டு இருமலாக இருப்பதே வழக்கம். கொள் கொள் என்று இருமுவதாகச் சொன்னால் நெஞ்சின் அடியிலிருந்து சளியைப் புரட்டிக்கொண்டு வருகிறது என்று கொள்ளலாம். குழந்தை உறங்கும்போது நெஞ்சு கொர கொர என்கிறது என்றால் சளி கட்டியிருக்கிறது. கீச்சு கீச்சு என்கிறது என்றால் மூச்சுக்குழல் சுருங்கியிருக்கிறது. அந்தக் குழந்தைக்கு இருமல் மருந்தைக் கொடுத்து அனுப்பக் கூடாது, மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும். இவற்றை இலக்கணம் இரட்டைக்கிளவி என்னும். பிரித்தால் பொருள் தராது என்பது அதன் விதி. லொக்கு என்று ஒரு முறை மட்டும் சொன்னால் யாருக்கும் எதுவும் விளங்காது. இரண்டு முறை சொன்னால் இருமுகிறவரே எதிரில் வந்து நின்றுவிடுவார்.

ஒலிச்சொற்களோடு வேலை முடிவதில்லை. மிளகாய் வறுக்கும் நெடியில் தொண்டை கமறும். புளி தட்டுகிற காலத்தில் பென்னாகரம் பக்கத்துப் பெண்கள், தொண்டையில் புகைச்சலாக இருக்கிறது என்பார்கள். சளி வருகிறதா, வெறும் இருமலா என்று கேட்டால், காறினால் கொஞ்சம் வருகிறது என்று பதில் வரும். இருமல், செருமல், கனைப்பு, கமறல், புகைச்சல், காறல், இழுப்பு, இரைப்பு என்று தொண்டைக்கும் நெஞ்சுக்கும் இடையே நடப்பவற்றுக்குத் தமிழில் இவ்வளவு சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறொரு இடத்தையும் வேறொரு காரணத்தையும் சுட்டுகிறது. இவை எல்லாவற்றையும் இருமல் என்ற ஒரே சொல்லில் அடக்கிச் சீட்டில் எழுதும்போது, நோயாளி கொண்டுவந்த தகவலில் பெரும்பகுதி கடை வாசலிலேயே நின்றுவிடுகிறது.

இவற்றில் செருமலும் கனைப்பும் நோயைச் சேர்ந்தவை அல்ல. ஊரில் பெரியவர்கள் அடுத்தவர் வீட்டுக்குள் நுழையும் முன் வாசலில் நின்று தொண்டையைச் செருமுவார்கள். உள்ளே இருக்கும் பெண்கள் சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து வர அந்த ஒலி அவகாசம் தரும். காதலையும் இருமலையும் மறைக்க முடியாது என்று லத்தீனில் ஒரு பழமொழி உண்டு. எங்கள் பெரியவர்களோ தங்கள் வருகையை மறைக்கக் கூடாது என்பதற்காகவே இருமலைப் போன்ற ஓர் ஒலியை உண்டாக்கி வைத்திருக்கிறார்கள்.

இப்போது டுசிஸுக்கு வருகிறேன். அது ரோமானியர்கள் அன்றாடம் பேசிய சாதாரணச் சொல். அந்தச் சொல் செத்துப்போகவும் இல்லை. இத்தாலியிலும் போர்ச்சுகலிலும் அது டொஸ்ஸே, ஸ்பெயினில் டோஸ், பிரான்சில் டூ, ருமேனியாவில் டுசே என்று ஒவ்வொரு வீட்டுச் சமையலறையிலும் இன்றும் புழங்குகிறது. அங்கே ஒரு பாட்டி தன் பேரனைப் பற்றிக் கவலையோடு உச்சரிக்கும் சொல், நமக்கு மருந்துப்பெட்டியின் மேல் அச்சான கலைச்சொல்லாக வந்து சேருகிறது. அதன் பெருமை அது கடந்து வந்த தூரத்தில் இருக்கிறது. இருமலை அடக்கும் மருந்தை ஆன்டிடுசிவ் என்கிறோம். அமெரிக்காவில் புகழ்பெற்ற ராபிடஸின் என்ற மருந்துப் பெயருக்குள்ளும் அதே டுசிஸ்தான் உட்கார்ந்திருக்கிறது. ஐரோப்பாவில் இருமலுக்குப் பயன்பட்ட மஞ்சள் பூச்செடி ஒன்றுக்கு டுசிலாகோ என்று பெயர். இருமலை ஓட்டுவது என்பது அதன் பொருள்.

டுசிஸ் குடும்பத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது பெர்டுசிஸ் என்னும் தொற்றுநோயின் பெயர். கடுமையான இருமல், மிகுந்த இருமல் என்பதே அதன் நேர்ப்பொருள். 17ஆம் நூற்றாண்டில் ஆங்கில மருத்துவர் தாமஸ் சிடன்ஹாம் அந்தச் சொல்லைக் கையாண்டார். அதற்கும் முன்பு, 1578இல் பாரிசில் குழந்தைகளிடையே இந்நோய் பரவியபோது கியோம் தெ பைய்யூ என்ற மருத்துவர் அதை விவரித்து எழுதினார். மக்கள் அந்நோயைக் குயின்டா என்று அழைப்பதாக அவர் குறித்தார். அது இருமும் ஓசையைப் பார்த்து உண்டாக்கிய சொல்லா, ஐந்து மணி நேரத்துக்கு ஒரு முறை வருவதால் வந்த பெயரா என்றும் அவர் ஆராய்ந்தார். படித்த மருத்துவர் ஒருவர் தெருவில் வழங்கிய சொல்லைத் தள்ளிவிடாமல், அதை லத்தீனில் எழுதிவைத்து, எங்கிருந்து வந்திருக்கும் என்று யோசித்த அந்த நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் தொடர் இருமலைக் கேன்த் என்றே சொல்கிறார்கள். 1906இல் ஜூல் போர்டேயும் ஆக்தாவ் ஜங்குவும் அந்நோயின் கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். போர்டேயின் பெயரால் அக்கிருமி போர்டெடெல்லா பெர்டுசிஸ் ஆயிற்று.

அந்த நோய்க்கு நாம் வைத்த பெயர் கக்குவான். கக்கு என்ற வினை அதற்குள் அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் ஊப்பிங் காஃப் என்கிறார்கள். இருமி முடித்த குழந்தை மூச்சை உள்ளே இழுக்கும்போது எழும் ஊப் என்ற ஒலியை அந்தப் பெயர் பிடித்துக்கொண்டது. லத்தீன் பெயர் இருமலின் கடுமையை அளந்தது. தமிழ்ப் பெயர் கடைசியில் குழந்தை கக்குவதைக் கவனித்தது. மூன்றும் மூன்று உண்மையான கவனிப்புகள். இருமிய முடிவில் வாந்தி எடுப்பது இந்நோயின் முக்கியமான அடையாளங்களுள் ஒன்று என்று மருத்துவ நூல்களும் சொல்கின்றன. அந்த ஊப் ஒலியோ எல்லாக் குழந்தைகளிடமும் கேட்பதில்லை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட சிசுக்களிடம் அது இல்லாமலே போகலாம். சில நேரங்களில் இருமலுக்குப் பதிலாக மூச்சே நின்று நின்று வரும். அதனால் ஆங்கிலப் பெயரை மட்டும் நம்பி ஒலிக்காகக் காத்திருப்பதைவிட, கக்குகிறதா என்று கேட்பது சில வேளைகளில் விரைவாக வழிகாட்டும்.

பர்கூர்ப் பக்கத்திலிருந்து பேரனுக்கு இருமல் டானிக் கேட்டு ஓர் அம்மா வந்திருந்தார். எங்கள் ஊர்களில் சிரப் என்று யாரும் சொல்வதில்லை. கண்ணாடிப் புட்டியில் இனிப்பாக எது வந்தாலும் அது டானிக்தான். எப்படி இருமுகிறான் என்று கேட்டேன். "மூச்சே வுடாம அடுக்கடுக்கா இருமுறானுங்க தம்பி. மொகமெல்லாம் செவந்து கண்ணு பிதுங்கிக்குது. கடைசியில கக்கிட்டான்னா அடங்கிடுது. அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி வெளையாடப் போயிடறான்" என்றார். மருத்துவ நூல் ஒன்று பெர்டுசிஸின் இருமல் வேகத்தை விவரிக்கும் பத்தியில் இதைவிடக் கூடுதலாக எதுவும் இருக்காது. அடுக்கடுக்கான இருமல், முகம் சிவத்தல், முடிவில் வாந்தி, இடையில் முழு நலத்தோடு இருத்தல் என்ற நான்கையும் அவர் வரிசையாகச் சொல்லிவிட்டார். தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு உடனே அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி, அவர் சொன்ன வாக்கியங்களை அப்படியே ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.

அந்த அட்டையிலும் சொற்களின் வரலாறு இருக்கிறது. கக்குவான், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகிய மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசியை முத்தடுப்பூசி என்று பெயரிட்டார்கள். தாய்மார்கள் அதை இயல்பாக ஏற்றுக்கொண்டார்கள். தமிழ்நாட்டில் 2011 டிசம்பரில் ஐந்து நோய்களுக்கான ஊசி வந்தது. 6, 10, 14 வாரங்களில் போடும் அந்த ஊசிக்கு எங்கள் பக்கத்துக் கிராமச் செவிலியர்கள் பென்டா என்கிறார்கள். தாய்மார்களும் பென்டா போட்டாச்சு என்கிறார்கள். முத்தடுப்பூசி என்ற நல்ல தமிழ்ச்சொல் பழக்கத்தில் இருந்தபோது, ஐந்துக்கும் அதே அளவு சுருக்கமான ஒரு சொல்லை ஆக்கி, ஊசி வந்த நாளிலேயே செவிலியர் கையில் கொடுத்திருக்கலாம் என்ற குறை எனக்கு உண்டு. சொல் தாமதமாக வந்தால் மக்கள் காத்திருக்க மாட்டார்கள். கையில் கிடைத்ததை எடுத்துக்கொள்வார்கள்.

இருமல் மருந்துகளின் பெயர்களில் லத்தீனும் நம் மொழிகளும் ஒன்றை ஒன்று எதிர்பாராத இடங்களில் சந்திக்கின்றன. சில இருமல் மருந்துகளின் மேல் லிங்டஸ் என்று அச்சிட்டிருக்கும். நக்கு என்ற பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து அது வந்தது. மெல்ல நக்கி உண்ண வேண்டிய மருந்து என்று பொருள். நம் வீடுகளில் தீபாவளிக்குக் கிளறும் லேகியமும் நக்கு என்ற பொருளுடைய சமஸ்கிருத வினையிலிருந்து வந்ததுதான். இரண்டு வினைகளுக்கும் மூலவேர் ஒன்றே என்பது மொழியியல் அறிஞர்களின் முடிவு. தொண்டையில் மருந்து தங்க வேண்டுமானால் அதை மடக்கென்று விழுங்கக் கூடாது என்ற அறிவு இரு பெயர்களிலும் பொதிந்திருக்கிறது. கடையில் வாங்கிய மருந்தை மூடியில் ஊற்றி ஒரே மூச்சில் குடித்து, உடனே தண்ணீரும் குடிக்கிறவர்களுக்கு நான் இதைச் சொல்லித்தான் விளக்குவேன்.

ஆடாதொடையின் கதை இன்னும் நீளமானது. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வேலி ஓரங்களில் அது தானாக வளர்ந்து கிடக்கும். ஆடு வாய் வைக்காத இலை என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். ஆடாதொடையை உண்டால் பாடாத நாவும் பாடும் என்று ஒரு வழக்கும் உண்டு. 1753இல் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் அந்தச் செடிக்கு இருசொற்பெயர் சூட்டியபோது, அதன் பின்பாதியாக அதடோடா என்பதை வைத்தார். தென்னாட்டுக் கொச்சைச் சொல் ஒன்று உலகத் தாவரவியலின் லத்தீனுக்குள் அப்படி நுழைந்து, இன்றுவரை நிலைத்திருக்கிறது. அந்த இலையிலிருந்து கிடைக்கும் வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டு புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் மாறும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். என் கடை அலமாரியில் சளி இருமலுக்கு இருக்கும் மருந்துகளில் பலவற்றில் இந்த இரண்டில் ஒன்று உண்டு. இவை மியூகோலிட்டிக் வகை. சளி என்னும் லத்தீன் சொல்லும், தளர்த்துதல் என்னும் கிரேக்கச் சொல்லும் சேர்ந்தது அந்தப் பெயர். வாடிக்கையாளர்கள் இதே மருந்தைக் கேட்கும்போது, சளியை முறிக்கிற மருந்து கொடுங்கள் என்பார்கள். கலைச்சொல்லை ஒருபோதும் கேட்டிராதவர்கள் அதன் பொருளை அப்படியே தங்கள் சொல்லில் சொல்கிறார்கள்.

மருத்துவர் சீட்டில் இருக்கும் லத்தீனைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பி.டி. என்றால் நாளுக்கு இரு முறை, டி.டி.எஸ். என்றால் மூன்று முறை. இவற்றைக் கடைக்காரர் மாத்திரை உறையின் மேல் காலை, மதியம், இரவு என்று எழுதிவிடுவதால் தொல்லை இல்லை. ஆனால் எஸ்.ஓ.எஸ். என்று எழுதியிருந்தால், படித்தவர்கள்கூட அதை ஆபத்துக் குரல் என்று எடுத்துக்கொண்டு பயந்துபோகிறார்கள். சி ஓபுஸ் சித் என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள் அவை. தேவைப்பட்டால் எடுத்துக்கொள்ளவும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. தேவைப்பட்டால் என்று தமிழில் எழுதினால் என்ன குறைந்துவிடும் என்று எனக்குத் தெரியவில்லை.

கொச்சைச் சொல்லைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்று சொல்கிற நான், அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மக்கள் உண்டாக்கும் சொற்கள் சில நேரம் ஒரு நோயைக் காட்டுவதற்காக அல்லாமல் மறைப்பதற்காகப் பிறக்கின்றன. காசநோய் அதற்குச் சான்று. காசம் என்றால் சமஸ்கிருதத்தில் இருமல்தான். உருதுக்காரர்களின் கான்சியும் அதன் வழியே வந்தது. தமிழில் அந்தச் சொல் மெல்ல ஒரே ஒரு நோயின் மேல் போய் நின்றுவிட்டது. அதற்கு முன் சயரோகம் என்றும் எலும்புருக்கி என்றும் பெயர்கள் வழங்கின. கிரேக்கர்கள் தைசிஸ் என்றார்கள். மூன்றுமே உடல் தேய்வதைச் சொல்கின்றன. நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து அவர் நாளுக்கு நாள் மெலிவதைப் பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. டியூபர்குலோசிஸ் என்பதோ, இறந்தவரின் நுரையீரலை அறுத்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்ட சிறு கட்டிகளைச் சுட்டும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார்.

எங்கள் பக்கத்தில் இந்தப் பெயர்களில் எதையும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். குழந்தைக்கு வந்தால் பிரைமரி காம்ப்ளக்ஸ் என்பார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியாத தாய்மார்களும் இந்தச் சொல்லைப் பிழையில்லாமல் உச்சரிப்பார்கள். நுரையீரலில் காசநோயின் முதல் தொற்று விட்டுச்செல்லும் அடையாளத்துக்கு மருத்துவர்கள் வைத்த பெயர் அது. குடும்பங்களுக்கோ டிபி என்ற இரண்டு எழுத்திலிருந்து பிள்ளையைக் காப்பாற்றும் திரை. பெரியவர்களுக்கு வந்தால் நெஞ்சுச்சளி, நாள்பட்ட சளி என்று சொல்லிவிடுவார்கள். திருமணத்துக்கு நிற்கும் பெண் இருக்கும் வீடானால் அதுவும் சொல்ல மாட்டார்கள். அவர்கள் அஞ்சுவதற்கு ஊரில் காரணம் இருக்கிறது. அதைக் குற்றமாக நான் கருதவில்லை. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளி பரிசோதனை செய்ய வேண்டும் என்ற விதி, நாள்பட்ட சளி என்ற சொல்லுக்குப் பின்னால் மறைந்துபோகிறது. சளிதானே என்று டானிக்கை மாற்றி மாற்றி வாங்குகிறவர்களிடம் நான் நோயின் பெயரைக் கேட்பதில்லை. எத்தனை நாளாக என்று மட்டும் கேட்பேன். நாள் கணக்குக்கு யாரும் வேறு பெயர் வைத்துக்கொள்வதில்லை.

புதுச்சொல் ஆக்குவதில் எங்கள் மண்ணுக்கு ஒரு பங்கு உண்டு என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த ராஜாஜி, 1916இல் தமிழில் அறிவியல் சொற்களை ஆக்குவதற்கென்றே ஒரு சங்கத்தைத் தொடங்கினார். வேதியியல், இயற்பியல், கணிதம், வானியல் ஆகியவற்றுக்கு எளிய தமிழ்ச்சொற்கள் வேண்டும் என்பது அதன் நோக்கம். அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல், கிருஷ்ணகிரி பிரிந்தது 2004இல். ராஜாஜிக்கும் முன்பே, யாழ்ப்பாணத்தில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்காகவே மருத்துவச் சொற்களைத் தமிழில் ஆக்கினார். பாடம் நடத்துகிறவரே சொல்லையும் ஆக்கியதால் அடுத்த நாளே மாணவர்களின் வாயில் அது சோதிக்கப்பட்டது. அறையில் உட்கார்ந்து ஆக்கிய சொல்லுக்கும் வேலையின் நடுவே ஆக்கிய சொல்லுக்கும் உள்ள வேறுபாடு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

2020இல் இதை எல்லோரும் கண்ணால் கண்டோம். மகுடம் என்னும் பொருளுடைய கொரோனா என்ற லத்தீன் சொல் சில நாட்களில் ஒவ்வொரு ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஒருவர் தும்மினாலும் இருமினாலும் கொரோனா என்று பிள்ளைகள் கத்தினார்கள். வைரஸுக்கு ஆக்கிய தீநுண்மி என்ற சொல் செய்தித்தாளோடு நின்றது. முகக்கவசமும் ஊரடங்கும் தெருவுக்கு வந்தன. முகத்தில் கட்டுகிறோம், ஊர் அடங்கிக் கிடக்கிறது என்று சொல்லைக் கேட்டவுடன் காட்சி தெரிந்ததே அவை பிழைத்ததற்குக் காரணம்.

பள்ளிப் பிள்ளைகள் ஆக்கும் சொற்களை நான் விரும்பிக் கேட்பேன். டான்சிலைட்டிஸ், பிராங்கைட்டிஸ் என்று கேட்டுப் பழகியவர்கள், தேர்வுக்கு முதல் நாள் வரும் இருமலுக்குப் பரீட்சையைட்டிஸ் என்று பெயர் வைக்கிறார்கள். இது விளையாட்டு என்றாலும் முறை சரியானது. பிராங்கைட்டிஸ் என்ற சொல்லையே 1808இல் சார்லஸ் பாடம் என்ற ஆங்கில மருத்துவர் இப்படித்தான் ஆக்கினார்; மூச்சுக்குழலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு அழற்சியைக் குறிக்கும் விகுதியை ஒட்டினார்.

அதே பிள்ளைகள் ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் என்று ஒன்றை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள்: நியூமோனோஅல்ட்ராமைக்ராஸ்கோப்பிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ். ஆங்கிலத்தில் 45 எழுத்துகள். 1935இல் அமெரிக்கப் புதிர் விரும்பிகள் சங்கத்தின் தலைவர் எவரெட் ஸ்மித், மிக நீளமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே இதை ஆக்கினார். பிறகு அகராதிகளிலும் இடம்பிடித்தது. நுரையீரல், தூசி ஆகியவற்றுக்கான கிரேக்கச் சொற்களும், அப்பால், சக்கிமுக்கிக்கல், எரிமலை ஆகியவற்றுக்கான லத்தீன் வேர்களும் அதில் கோக்கப்பட்டிருக்கின்றன. மிக நுண்ணிய சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய் என்பது பொருள். அந்த நோயின் வழக்கமான பெயர் சிலிக்கோசிஸ்.

எங்கள் மாவட்டத்துப் பிள்ளை இந்தச் சொல்லை ஒப்பிக்கும்போது என்னால் அதை வெறும் நாப்பயிற்சியாகக் கேட்க முடிவதில்லை. கிருஷ்ணகிரி கருங்கல்லுக்கும் கிரானைட்டுக்கும் பெயர் பெற்ற மாவட்டம். இங்கே வெட்டி எடுக்கும் வண்ணக்கல் ஒன்றை உலகச் சந்தையில் பாரடைசோ என்று விற்கிறார்கள். இத்தாலிய மொழியில் அதற்குச் சொர்க்கம் என்று பொருள். கல்லுக்கு இத்தாலிய மொழியில் பெயர் இருக்கிறது. அந்தக் கல்லைக் குடைகிறவரின் இருமலுக்கு அவர் அறிந்த மொழியில் பெயர் இல்லை. கிரானைட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் குவார்ட்ஸ் என்னும் சிலிக்கா கனிமம் இருக்கும். அதைத் தண்ணீர் விடாமல் துளையிட்டால் பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் நுரையீரலின் அடிவரை போய்ப் படிந்து தழும்பாக்கிவிடும். படிந்ததை எடுக்க மருந்து இல்லை. பெரும்பாலும் பத்தாண்டுகளுக்கும் மேலான வேலைக்குப் பிறகே நோய் வெளியே தெரியும். காசநோய் எளிதில் தொற்றிக்கொள்ளவும் அது வழி செய்யும். இரண்டும் இருமலாகவே தொடங்குவதால் ஒன்று மற்றொன்றின் பெயரில் மறைந்துபோகவும் கூடும்.

குவாரியில் டிரில் அடிக்கும் ஒருவர் இருமல் மருந்துக்காக அடிக்கடி வருவார். தூசி அதிகமா என்று ஒரு முறை கேட்டேன். "தூசி இல்லைங்க சார், அது மாவு. தூசின்னா கண்ணுக்குத் தெரியும், தட்டிவுட்டா போயிடும். மாவு அப்படியில்ல, மூக்குல துணி கட்டினாலும் உள்ள பூந்துடும். சாயந்திரம் காறினா கல்லு வாசம் வரும்" என்றார். கண்ணுக்குத் தெரியும் பெருந்தூசிக்கும் மூச்சோடு உள்ளே போகும் நுண்தூசிக்கும் இடையே தொழில்நோய் மருத்துவம் போடும் கோட்டை அவர் இரண்டு சொற்களால் போட்டுவிட்டார். அந்த 45 எழுத்துச் சொல் அல்ட்ராமைக்ராஸ்கோப்பிக் என்று நீட்டிச் சொல்வதை அவர் மாவு என்று சொன்னார்.

ஆனால் மாவு இருமல் என்று சொல்லி யாரும் இழப்பீடு கேட்க முடியாது. சிலிக்கோசிஸ் என்ற சொல்லுக்குத்தான் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் மூன்றாம் அட்டவணையில் அதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக வைத்திருந்தது; 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அப்படியே வைத்திருக்கிறது. அந்த நோயைக் காணும் மருத்துவர் அரசின் தலைமை ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். சுரங்கங்களுக்கான பழைய சட்டத்திலும் அது அறிவிக்கை செய்யப்பட்ட நோயாகவே இருந்தது. லத்தீன் பெயரின் உண்மையான பயன் இங்கே தெரிகிறது. தொழிலாளியின் சொல் நோயைக் காட்டிக்கொடுக்கிறது; சட்டத்தின் சொல் அவருக்கு உரிமையைத் தருகிறது. இரண்டில் எது விடுபட்டாலும் இழப்பு அவருக்கே. அதனால் கல்வேலை செய்கிறவர்களை மார்பு ஊடுகதிர்ப் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லி அனுப்பும்போது, இருமல் என்று மட்டும் எழுதாமல், அவர் செய்யும் வேலை, வேலையில் சேர்ந்த ஆண்டு, தண்ணீர் விட்டுத் துளையிடுகிறார்களா, எத்தனை வாரமாக இருமல், சளி பரிசோதனை நடந்ததா என்பவற்றைச் சீட்டில் வரிசையாக எழுதுகிறேன். முதல் வரியில் மாவு என்ற அவருடைய சொல்லையும், அதன் பக்கத்தில் சிலிக்கோசிஸ் என்பதைக் கேள்விக்குறியோடும் எழுதிக் கொடுக்கிறேன்.